மாசி ஓட்டமும் சைகோனம்மாவும்

உபதேசியாரைத் திருடன் என்று சைகோனம்மா சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சனமெல்லாம் மாதா கோயில் வாசலில் நின்றிருந்தபோது. கோயில் மெழுகுவர்த்திகள் குறைந்துகொண்டே வந்தன. மெழுகுவர்த்திப் பெட்டியின் சாவி உபதேசியாரிடம் இருந்தது. சைகோனம்மாவுக்கு அவ்வளவு போதும். அடுத்த ஞாயிறு அதே வாசலில், பூவரசு நிழலில் நின்று, கலைந்துபோக இருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"போன வாரம் இவர திருடன்னு சொன்னேன். பொட்டிக்குப் பின்னால பொந்து இருக்குது. எலி தின்னிருக்குது. நான் சொன்னத எடுத்துக்கறேன்."

உபதேசியார் கூசிப்போய், "அம்மா, மெதுவா சொன்னாப் போதுமே" என்றார்.

"திருடன்னு மெதுவாவா சொன்னேன்?"

அவருடைய இயல்பு முழுவதும் இதுதான். தவறாக ஒன்றைச் சொல்லிவிட்டால், சொன்ன இடத்துக்கே போய், கேட்டவர்களைச் சேர்த்து, சொன்ன அதே சத்தத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இதில் மானம் போவதாக அவர் நினைத்ததில்லை. மற்றவர்களுக்குத்தான் சங்கடம். எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டில் புதுமருமகள் வைத்த சாம்பாரை வாய்விட்டுப் புகழ்ந்தார். அது பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த சாம்பார் என்று மறுநாள் தெரிந்தது. உடனே கிளம்பி வந்து, கூடத்தில் நின்று, "சாம்பார் நல்லாருக்குன்னு சொன்னது பக்கத்து வூட்டுக்கு. இந்த வூட்டு ரசத்தத்தான் நான் சாப்புட்டேன், அதப்பத்தி ஒண்ணும் சொல்லல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மருமகள் பிறகு நல்ல சமையற்காரியானாள். அதையும் ஒருநாள் வந்து சொன்னார்.

அவருடைய கணவருக்குச் சைகோனில் கோர்ட்டு வேலை, அதனால்தான் அந்தப் பெயர். ஊரில் நிலபுலன்களை இந்தம்மாதான் பார்த்துக்கொண்டார். அதனால்தான் அந்தப் பெயர். கப்பலேறிப் புருஷன் பின்னால் போகிற பெண்டுகளுக்கு வெட்கமில்லை என்று ஒருமுறை பேசியிருக்கிறார். பிறகு கணவருக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் வந்து, அவரே போக வேண்டியதாயிற்று. கப்பலுக்கு முந்தின நாள், யார் வீட்டு வாசலில் அப்படிப் பேசினாரோ அந்த வீட்டுக்கு வந்து, பயணமூட்டை வண்டியில் இருக்க, "சொன்னத எடுத்துக்கறேன். எனக்கு வெட்கமாத்தான் இருக்குது, ஆனாலும் போறேன்" என்றார். திரும்பி வந்தபிறகும் பெயர் மாறவில்லை.

உயரமான உருவம். குதிரை வண்டியைத் தானே ஓட்டுவார். வயலுக்கானாலும் கோயிலுக்கானாலும் அந்த வண்டிதான். ஊர்க் கூட்டங்களில் ஆண்கள் கீற்றுக் கொட்டகைக்குள் பாயில் உட்கார்ந்திருப்போம். அவர் வண்டியைக் கொட்டகை ஓரமாக நிறுத்தி, வண்டியில் உட்கார்ந்தபடியே பேசுவார். கீழே இறங்கச் சொன்னால், "இங்கேர்ந்து பார்த்தா எல்லார் மூஞ்சியும் தெரியுது" என்பார்.

நான் அவரைவிடப் பத்துப் பதினைந்து வயது இளையவன். பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்து, பிரெவே பரீட்சை தேறி, வில்லியனூரில் ஒரு நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதிப் பதிகிறவரிடம், எழுத்தனாக இருந்தேன். படித்தவன் என்பதால் மாசி ஓட்டக் கமிட்டிக்கும் என்னைக் காரியதரிசி ஆக்கியிருந்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் மாற்றமாட்டேன் என்பதில் எனக்கு அப்போது பெருமை. இதற்கு மேல் எழுதப்போவதைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லியாயிற்று. ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

மாசி ஓட்டம் என்பது எங்கள் பக்கத்துக் குதிரைப் பந்தயம். அறுப்பு முடிந்து வயல்கள் வெறுமையாகக் கிடக்கும் மாசியில் நடக்கும். வில்லியனூர் தேரடியில் கொடி இறங்கினால் குதிரைகள் கிளம்பும். பாகூர் ஏரிக்கரையில் ஏறினால் முடிவு. எங்கள் பாட்டன்மார் காலத்திலிருந்து அதே தூரம், அதே பாதை. ஜெயித்த குதிரையின் கழுத்தில் பட்டுத்துண்டு கட்டிப் பாகூரைச் சுற்றி அழைத்துப்போவார்கள். சைகோனம்மாவிடம் ஒரு செவலைக் குதிரை இருந்தது. கிளம்பும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாகக் கிளம்பும். பாதி வழிக்கு மேல் ஒவ்வொன்றாகத் தாண்டும். குறுகிய தூரம் என்றால் அதற்கு ஒன்றும் வராது. நீண்ட தூரத்தில் அதை அடிக்க ஆளில்லை.

பாதை முழுக்கப் பிரெஞ்சு மண்ணிலேயே போகவில்லை, அதுதான் தொல்லை. எங்கள் பக்கத்தில் பிரெஞ்சு எல்லையும் இங்கிலீஷ் எல்லையும் ஒட்டுப்போட்ட துணி மாதிரிக் கலந்து கிடந்தன. ஒருவனுக்கு வீடு பிரெஞ்சில் இருக்கும், கொல்லை இங்கிலீஷில் இருக்கும். வில்லியனூரிலிருந்து பாகூர் போகிறவன் வழியில் இங்கிலீஷ் மண்ணைத் தொட்டுத்தான் போகவேண்டும். அதுவரை யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. பிறகு பட்டும் தீப்பெட்டியும் சாராயமும் எல்லை தாண்டுகின்றன என்று இங்கிலீஷ்காரர்கள் பாதையில் சுங்கச் சாவடி போட்டார்கள். அந்த மாசியில், முன்னால் வந்த இரண்டு குதிரைகளையும் சாவடிச் சேவகன் மறித்துவிட்டான். ஒன்று சைகோனம்மாவின் செவலை.

"எறங்கு. சேணத்துக்கு அடியில இன்னா?"

"குதிரதான் சாமி" என்றானாம் செவலையை ஓட்டிய சின்னப்பன்.

அந்தப் பதிலுக்காகவே சேணத்தைக் கழற்றி, தலைப்பாகையை அவிழ்த்து, நிதானமாகச் சோதித்திருக்கிறார்கள். அதற்குள் மூன்றாவதாக வந்தவன் வில்லியனூர் ஜட்காக்காரன் கோவிந்தன். அவனிடம் இருந்தது வண்டி இழுக்கிற ஒரே ஒரு வெள்ளைக் குதிரை. சேணம் வாங்க வழியில்லாமல் வெறும் முதுகில் ஏறி வந்தான். சோதிக்க ஒன்றும் இல்லாததால் விட்டுவிட்டார்கள். பட்டுத்துண்டு அந்த வண்டிக் குதிரையின் கழுத்துக்குப் போயிற்று. ஒரு மாதம் வரை அவன் அந்தத் துண்டோடுதான் சவாரி ஏற்றினான்.

இதற்குப் பிறகுதான் ஓட்டத்தை எங்கே வைப்பது, எவ்வளவு தூரம் வைப்பது என்ற பேச்சு எழுந்தது. அடுத்த தை மாதம் முதல் கூட்டம். கமிட்டித் தலைவர் பாகூர்ப் பக்கத்து நிலக்காரர், எல்லோருக்கும் ரெட்டியார்.

"எங்க ஏரிக்கே கொண்டாந்துடுங்கப்பா" என்றார் அவர். "ஆனியில ஏரி காஞ்சிடும். முழுக்க பிரெஞ்சு மண்ணு. எவன் வந்து எறங்குன்னு சொல்லுவான்?"

"காஞ்ச ஏரி பாளம் பாளமா வெடிச்சிருக்குமே. குதிர கால் மாட்டிக்காது?" என்று ஒருவர் கேட்டார்.

"கரையோரமா உழுது பரம்படிச்சுத் தரேன். வெயில் காலம், நீட்டா ஓட்ட வேணாம். ஏரிக்குள்ள ஒரு சுத்து. ஆச்சு."

வண்டியிலிருந்து குரல் வந்தது. "சுத்தி வர்றதுக்கு அது இன்னா செக்குமாடா ரெட்டியாரே? பாதி வழி வரைக்கும் எல்லாக் குதிரையும் குதிரதான். அதுக்கப்புறம்தான் எது குதிர, எது கழுதைன்னு தெரியும். தூரத்த கொறச்சிட்டா அது மாசி ஓட்டமே இல்ல. உங்க ஏரியில வாத்து வுடுங்க."

கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் நான் ஒரு நிலப்படத்தை விரித்தேன். நொத்தேரின் அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது. பிரெஞ்சு நிலமெல்லாம் அதில் மஞ்சள். மஞ்சள் துண்டுகளைத் தொட்டுத் தொட்டு நான் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்திருந்தேன். வளைந்து வளைந்து போனாலும் பழைய தூரத்துக்குக் குறையாது. தேரடியில் தொடங்கி ஏரிக்கரையில் முடியும். "இங்கிலீஷ் மண்ணில் ஒரு குளம்பு படாது" என்றேன். சைகோனம்மாதான் முதலில் கை தட்டினார். "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்!" மற்றவர்களும் தட்டினார்கள். ரெட்டியார் ஏரியை மடித்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கோட்டில் ஓர் இடத்தில் மஞ்சள் மிகவும் ஒடுங்கி, வழியிலுள்ள ஆற்றின் குறுக்கே கழுத்து மாதிரி இருந்தது. கெட்டியான பழைய துறை சற்று மேற்கே, இங்கிலீஷ் பக்கத்தில். என் கோடு போன இடத்தில் யாரும் ஆற்றைக் கடப்பதில்லை. ஏன் கடப்பதில்லை என்று நான் யாரையும் கேட்கவில்லை. நேரில் போய்ப் பார்க்கவுமில்லை. படத்தில் அது நன்றாக இருந்தது.

போய்ப் பார்த்தவர் சைகோனம்மா. தன் குதிரை ஓடப்போகிற வழியாயிற்றே என்று வண்டியோடு இறங்கியிருக்கிறார். மேலே பொருக்குத் தட்டிய மணல், கீழே ஆளை இழுக்கும் உளைச் சேறு. வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆட்கள் வந்து தூக்கினார்கள். ஓட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது இரண்டாம் கூட்டம் கூட்டவைத்தார். அன்றும் வண்டியில் உட்கார்ந்தேதான் பேசினார். சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. அதை வேண்டுமென்றே துவைக்காமல் வந்தார் என்று நினைக்கிறேன்.

"போன கூட்டத்துல நீட்டு ஓட்டம்தான் வேணும்னு சொன்னேன். தம்பி போட்ட பாதைக்குக் கை தட்டினேன். ரெண்டையும் எடுத்துக்கறேன். ஆத்துல அந்த எடம் குதிரைய முழுங்கிடும். ரெட்டியார் சொன்னதுதான் சரி. ஏரிக்கு மாத்துங்க, தூரத்தக் கொறைங்க, ஆனிக்குத் தள்ளுங்க."

ஏரியில் ஒரு சுற்று என்றால் செவலைக்குக் கடைசி இடம்தான். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தன் குதிரை தோற்கிற பக்கத்துக்குப் பேசுகிறார் என்பதே அவர் சொல்வது உண்மை என்று காட்டப் போதுமானது. எனக்கும் அது அந்த நிமிஷமே விளங்கியது. ஆனால் என் கோடு அழியப்போகிறது. எழுந்து நின்றேன்.

"அம்மா வூட்ல புதுசா ஒரு குதிரை வந்திருக்குன்னு கேள்வி. சின்னக் குதிரை. சின்ன தூரத்துக்குத்தான் ஓடும்போல" என்றேன்.

சிரிப்பு வெடித்தது. அவர் வீட்டில் குதிரை வந்திருந்தது உண்மை. ஒரு குட்டி பிறந்திருந்தது.

"வந்திருக்குது தம்பி" என்றார் அவர், சிரிப்பு நிற்கும்வரை காத்திருந்து. "அதுக்கு இன்னும் தாய்ப்பாலே மறக்கல. நீ வேணா வந்து ஓட்டிப் பாரு."

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் என் பேச்சு உள்ளே இறங்கிவிட்டது. சைகோனம்மா ஏதோ கணக்கோடுதான் மாற்றிப் பேசுகிறார் என்று ஆளுக்கு ஆள் காதைக் கடித்தார்கள். கை தூக்கச் சொன்னபோது ரெட்டியார் தூக்கினார், இன்னும் இரண்டொருவர் தூக்கினார்கள். மற்றக் கைகளெல்லாம் என் பக்கம்.

ஓட்டத்தன்று செவலையை அவர் ஓடவிடவில்லை. சின்னப்பனையும் பண்ணையாட்களையும் கூட்டிக்கொண்டு, கயிறு, பனஞ்சட்டம், வைக்கோல் பாரங்களோடு ஆற்றில் நின்றார். என் பாதையில் குதிரைகள் வருவதைப் பார்க்கும் ஆசையில் நானும் அங்கே போயிருந்தேன். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா தம்பி. கயிறு புடிக்கத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியும் என்றேன். அதுவும் பொய்தான். அவர்கள் ஆற்றின் குறுக்கே அகலமாக வைக்கோலைப் பரப்பி மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் இரண்டு குதிரைகள் வைக்கோலின்மேல் தாண்டிப் போய்விட்டன. அவற்றின் குளம்பு பட்டு வைக்கோல் உள்ளே இறங்கிவிட்டது. மூன்றாவதாக வந்தான் கோவிந்தன், அதே வெள்ளைக் குதிரை, அதே வெறும் முதுகு. "நிறுத்துடா கோவிந்தா, நிறுத்து!" என்று சைகோனம்மா இரண்டு கையையும் வீசிக்கொண்டு குறுக்கே ஓடினார். போன வருஷம் ஜெயித்தவன் எப்படி நிறுத்துவான்? நடு ஆற்றில் குதிரையின் முன்கால்கள் இரண்டும் போயின. அது எழும்பப் பார்க்கப் பார்க்க வயிறு வரை இறங்கியது. கோவிந்தன் தலைக்குப்புற விழுந்து இடுப்பு வரை மாட்டிக்கொண்டான். அவனைக் கயிறு போட்டு இழுத்துவிட்டார்கள். பின்னால் வந்த குதிரைகளைச் சின்னப்பன் கரையிலேயே மறித்துத் திருப்பினான். வெள்ளைக் குதிரையை மார்பில் கயிறு கட்டி, சட்டம் கொடுத்து, வெயில் சாயும்வரை இழுத்தோம். என் கை தோல் உரிந்துவிட்டது. சைகோனம்மா உளையில் இறங்கி அதன் தலையைத் தன் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார், மூக்கில் சேறு ஏறாமல். வெளியே வந்தபோது ஒரு முன்கால் முறிந்திருந்தது. மறுநாள் எழவில்லை.

கோவிந்தன் கரையில் உட்கார்ந்து, "வண்டிய இனிமே யாரு இழுப்பா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு மனைவியும் மூன்று பெண்களும்.

அடுத்த வாரம் மூன்றாம் கூட்டம். இந்தமுறை ஊரே வந்தது. ஜட்காக்காரர்கள் கொட்டகைக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் முதல் இரண்டு கூட்டங்களுக்கும் வந்தவர்கள் அல்ல. அங்கே யார் என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. "அந்த எடத்துல ஓட்டச் சொன்னது யாருங்க?" என்று அவர்களில் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. கேட்காமல் எடுத்த நிலப்படம் வெளியே வந்தால் நொத்தேர் அன்றே என்னை அனுப்பிவிடுவார். அதைவிட, ஊரில் படித்தவன் என்ற பெயர் இருக்கிறது. கமிட்டிக்காரர்கள் எல்லோரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை தூக்கியவர்கள் அவர்கள்தானே.

"நான்தான்" என்றது வண்டியிலிருந்து வந்த குரல். எப்போதும்போல ஊருக்கே கேட்கிற குரல். "இதே எடத்துல, நீட்டு ஓட்டம்தான் வேணும்னு மொதல்ல பேசினவ நான். தூரத்தக் கொறைக்கக் கூடாதுன்னு சிரிக்க வெச்சது நான். அந்தப் பாதைக்கு மொத மொத கை தட்டினதும் நான்தான். என் குதிர ஜெயிக்கணும்னுதான் பேசினேன். தப்பு."

ரெட்டியார் பொறுக்கமாட்டாமல், "இன்னாம்மா இது. ரெண்டாவது கூட்டத்துல நீங்கதானே வேணாம்னு..." என்று தொடங்கினார்.

"ரெண்டாவது சொன்னது ஜெயிக்கலியே ரெட்டியாரே. ஜெயிச்சது மொதல்ல சொன்னதுதான்."

சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்க்கவில்லை. வழியில் ஒருவர் நின்று, பின்னால் வருகிறவனுக்காகக் காத்திருப்பது மாதிரி பார்த்தார். நான் பேச வேண்டிய இடத்தை விட்டுவைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் எழுந்திருக்க எனக்கு நிறைய அவகாசம் இருந்தது. வெளியே ஒரு குதிரை கனைத்தது. யாரோ இருமினார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

பிறகு ரெட்டியார் கை தூக்கச் சொன்னார். ஓட்டம் இனிமேல் பாகூர் ஏரிக்குள், ஆனியில், ஒரே சுற்று. எல்லாக் கைகளும் எழுந்தன. என் கையும் எழுந்தது.

கூட்டம் கலைந்தபோது கோவிந்தன் என்னிடம் வந்தான். காலில் காயத்துக்குத் துணி சுற்றியிருந்தான். கை கூப்பினான். "நீங்கதான் படம் போட்டீங்கன்னு யாரோ சொன்னாங்க ஐயா. உங்க மேல வருத்தமா இருந்தேன். அந்தம்மாவே அவங்க வாயால ஒத்துக்கிட்டாங்க. தெரிஞ்சே கயிறு எடுத்துக்கிட்டு வந்து நின்னாங்க பாருங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

சைகோனம்மா பத்தடி தூரத்தில், வண்டியில் கடிவாளத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவன் பேசியது கேட்டிருக்கும். நான் கோவிந்தனிடம், "சரி, போ" என்றேன்.

ஏரி ஓட்டம் யுத்தம் வரும்வரை நடந்தது. செவலை ஒவ்வொரு வருஷமும் ஓடி, ஒவ்வொரு வருஷமும் கடைசியாக வந்தது. "பாதி வழியில நிறுத்திட்டா அது இன்னா பண்ணும் பாவம்" என்று சைகோனம்மா சிரிப்பார். ஒருமுறையாவது தூரத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டதில்லை. கோவிந்தனுக்கு ஒரு குதிரை கொடுக்கிறேன் என்று சின்னப்பனை அனுப்பினார். அவன் வாங்கமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கடன்பட்டு ஒரு மாட்டு வண்டி வாங்கிச் செங்கல் சூளைக்குப் பாரம் ஏற்றினான்.

நொத்தேர் அலுவலகத்தில் என் மேசை சன்னலோரம். கீழே பாதை குறுகலானது, இரண்டு வண்டிகள் ஒதுங்காமல் போக முடியாது. பல வருஷங்கள் அந்தச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். எதிரே சைகோனம்மாவின் வண்டி வந்தால் கோவிந்தன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். மாட்டை ஒதுக்கமாட்டான். அவர்தான் குதிரையைப் பின்வாங்கவைத்து, வேலியோரம் சக்கரம் உரச ஒதுங்கி நிற்பார். அவன் மெதுவாகத் தாண்டிப்போவான். அவன் போன பிறகு வண்டியை மறுபடி பாதைக்கு ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாளும் அவர் சன்னலைப் பார்த்ததில்லை.